குத்தகை மனை: இங்கிலாந்தில் முதன்முதல் வீடு கொள்வார் அறியவேண்டுவன

வீடு என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் பயந்து நிற்பது. உறையும் மனையையும் வீடு என்கின்றோம். பந்தங்கள் யாவும் விடப்பெற்ற நிலையையும் வீடு என்கின்றோம். இங்கிலாந்து தேசத்துச் சட்டமோ இவ்விரண்டிற்கும் பொருந்தாத ஒன்றைப் படைத்து வைத்துளது. விலை கொடுத்து வாங்கிய பின்னரும் பந்தம் விடாத வீடு அது. அதனைக் குத்தகை மனை என்று நாம் வழங்கலாம்.

சில காலத்துக்கு முன் எம்மிடம் கல்வி பயின்ற மாணவர் ஒருவரின் அன்னையார் ஒரு கடிதத்தைக் கையிலேந்தியவராய் எம் இல்லத்துக்கு வந்தார். மைந்தர் கிழக்கு இலண்டனிலே தொடர்மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு மனையை விலை பேசியிருந்தார். முற்பணத்தின் ஒரு பகுதிக்காக ஊரிலுள்ள நான்கு பரப்புத் தோட்டக் காணியை விற்க ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. கடிதத்தில் வந்த ஒரு சொல் அவ்வம்மையாரின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. “மாஸ்டர், குத்தகைக்கு எடுக்கிற வீட்டுக்கோ என்ரை சீதனக் காணியை விக்கச் சொல்லுறான்?” என்று அவர் வினவினார். அன்று எம்மால் நேரிய விடை கூற இயலவில்லை. யாம் சட்டம் பயின்றவரல்லேம். குடியியலும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியரே. ஆயினும் அவ்வினா எம்மை விடவில்லை. நம் ஊர்களிலிருந்து இன்று பிரித்தானியாவிற் குடியேறி வாழ்வோர் பலர். அவர்தம் முதல் வீடு பெரும்பாலும் தொடர்மாடி மனையே. அதன் விலையில் ஊர்க் காணியின் விலையும் பல வேளைகளிற் கலந்திருக்கின்றது. ஆகவே, யாம் படித்தறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுவது பயனுடைத்தாகுமென நம்புகின்றோம். இங்கே கூறப்படுவன பெரும்பாலும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரியன என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

உரிமை இருவகை

இங்கிலாந்தில் 1925 ஆம் ஆண்டிலே நிறைவேறிய சொத்துச் சட்டம் நிலத்தின்மேல் ஒருவர் கொள்ளத்தக்க சட்ட உரித்துகளை இரண்டாகச் சுருக்கிற்று. ஒன்று காலவரையறை அற்ற முழுவுரிமை. மற்றையது இத்தனை ஆண்டென வரையறுக்கப்பட்ட குத்தகையுரிமை. தனி வீடுகள் பெரும்பாலும் முழுவுரிமையாக விற்கப்படுகின்றன. தொடர்மாடி மனைகளோ ஏறக்குறைய யாவும் குத்தகையுரிமையாகவே விற்கப்படுகின்றன.

இக்குத்தகை நம்மூர்த் தோட்டக் குத்தகை போன்றதன்று. அதன் காலம் 99 ஆண்டாகவோ, 125 ஆண்டாகவோ, 999 ஆண்டாகவோ இருக்கும். கொள்வோன் முழு விலையையும் முன்னரே செலுத்துகின்றான், அதனை விற்கலாம், ஈடு வைக்கலாம், மரணசாதனத்தால் மக்களுக்கு விடலாம். இவ்வளவில் அவன் உடையவனே. ஆயின், கட்டடத்தின் நிலமும், கூரையும், புறச்சுவரும், படிக்கட்டும் முழுவுரிமையாளரிடமே தங்கிவிடுகின்றன. குத்தகைக் காலம் முற்றுப்பெறின் மனையும் அவரிடமே மீளும். அந்நாளிற் சட்டம் குடியிருப்போரை உடனே தெருவில் விட்டுவிடுவதில்லை. வாடகை செலுத்தித் தொடர்ந்து வாழும் உரிமை பெரும்பாலும் உண்டு. எனினும், விலைகொடுத்துக் கொண்ட பொருள் கையை விட்டு நீங்கும் என்பது உறுதி.

மாடி மனையை மட்டும் ஏன் இங்ஙனம் விற்கின்றனர் என்னும் வினா எழுவது இயல்பே. அதற்குக் காரணம் ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதியொன்று. ‘இதனைச் செய்யாதே’ என விலக்கும் உடன்படிக்கை, முழுவுரிமை நிலம் கைமாறிய பின்னும் புதிய உடையவரைக் கட்டுப்படுத்தக்கூடும். ‘இதனைச் செய்’ எனப் பணிக்கும் உடன்படிக்கையோ அங்ஙனம் தொடர்ந்து செல்லாது. 1885 ஆம் ஆண்டில் ஓல்டாம் நகரசபை தொடர்பான வழக்கில் இவ்விதி வலியுறுத்தப்பட்டது. 1994 இல் பிரபுக்கள் சபை மீண்டும் இதனை உறுதிசெய்தது. அவ்வழக்கின் பொருள் ஒரு கூரை. ஒரு வீட்டின் கூரையின் ஒரு பகுதி அயல்வீட்டின் மேற் கவிந்திருந்தது. அதனைப் பழுதுபார்ப்பதாக முன்னைய உடையவர் உடன்பட்டிருந்தார். அவ்வீட்டைப் பின்னர்க் கொண்டவரை அவ்வுடன்பாடு கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பாயிற்று. ஒரு கூரைக்கே இந்நிலை எனில், ஒருவர் தலைமேல் ஒருவராகப் பத்து மாடிகளில் வாழ்வோர் கூரைக்கும் குழாய்க்கும் படிக்கட்டுக்கும் பணம் செலுத்துமாறு கட்டுப்படுத்துவது எங்ஙனம்? குத்தகையாயின் அக்கடப்பாடு வருவோர் போவோர் அனைவரையும் பற்றும். ஆதலினாலேயே மாடி மனைகள் குத்தகையாயின.

வேறு வழியில்லை என்பது இதன் பொருளன்று. நம் இலங்கையில் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி மனை கொள்வோர் தம் மனையை முழுதாக உடையவராகவும், பொதுப்பகுதிகளிற் பங்குடையவராகவும் ஆகின்றனர். ஸ்கொத்லாந்திலும் மாடி மனைகள் முழுவுரிமையாகவே கொள்ளப்படுகின்றன. கொழும்பிலே தொடர்மாடி வாங்கிய அனுபவத்தைக் கொண்டு இலண்டன் மனையை அளந்தறிய முற்படுவோர் தவறுவது இக்காரணம் பற்றியேயாம்.

எஞ்சிய ஆண்டுகள்

குத்தகை மனை கொள்வோர் முதலிற் கேட்கவேண்டிய வினா ‘விலை எவ்வளவு?’ என்பதன்று, ‘எஞ்சிய ஆண்டு எத்தனை?’ என்பதே. குத்தகை என்பது உருகும் மெழுகுதிரி போல்வது. தொடக்கத்தில் அது குறைவதைக் கண் காணாது. அடியை நெருங்குங்கால் விரைந்து குறைவதுபோலத் தோன்றும். ஆண்டு குறையக் குறைய விலை வீழ்கின்றது. கடன் வழங்கும் நிறுவனங்களும் கடன் தீர்ந்த பின்னர்ப் போதிய ஆண்டுகள் எஞ்சியிருத்தல் வேண்டுமென எதிர்பார்ப்பன. ஆதலின் ஆண்டு குறைந்த மனைக்குக் கடன் மறுக்கப்படுவதுண்டு. கடன் பெறவியலாத மனையைப் பின்னர் விற்பதும் அரிது.

இக்குறையை நீக்குதற்கு 1993 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதன்படி, தகுதியுடைய குத்தகையாளர் உரிய ஈட்டுத்தொகை செலுத்தி, எஞ்சிய காலத்தோடு மேலும் 90 ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நிலவாடகையும் அதனோடு ஒழியும். ஆயின் இங்கே 80 என்னும் எண் ஓர் எல்லைக் கல்லாக நிற்கின்றது. எஞ்சிய காலம் 80 ஆண்டுக்கு மேற்படின், முழுவுரிமையாளர் இழக்கும் வாடகைக்கும், மனை மீளும் உரிமைக்கும் மட்டுமே ஈடு செலுத்தப்படும். அதற்குக் கீழே இறங்கிவிடின், ‘திருமண மதிப்பு’ என அவர்கள் வழங்கும் ஒன்றிற் பாதியும் அதனோடு சேரும். பிரிந்து நின்ற இரண்டு உரிமைகள் ஒன்றுகூடுவதால் மதிப்பு மிகுதலின் அப்பெயர் பெற்றது.

விளக்கத்தின்பொருட்டுச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். நீண்ட குத்தகையோடு கூடின் ஒரு மனை 300,000 பவுண் பெறும் எனவும், எஞ்சிய காலம் 75 ஆண்டேயாதலின் இன்று 270,000 பவுணே பெறுமெனவும், முழுவுரிமையாளரின் உரித்து 12,000 பவுண் எனவும் வைத்துக்கொள்வோம். இரண்டுரிமைகளும் தனித்தனியே நிற்குங்கால் அவற்றின் கூட்டுத்தொகை 282,000 பவுண். நீடிப்பின் பின்னர் மதிப்பு 300,000 பவுண். மிகுந்தது 18,000, அதிற் பாதி 9,000. ஆகவே நீடிப்பின் விலை 12,000 அன்று, 21,000 பவுணாகும். எல்லைக் கல்லைத் தாண்டிய கவனக்குறைவு ஒன்றே அந்த ஒன்பதினாயிரத்தை விழுங்கிவிடுகின்றது. மதிப்பீட்டாளர் கூலியும் சட்டச் செலவும் இதற்குப் புறம்பானவை.

2024 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் திகதி அரச இசைவு பெற்ற குத்தகை, முழுவுரிமைச் சீர்திருத்தச் சட்டம் இத்துறையிற் பெரிய மாற்றங்களை விதித்துளது. நீடிப்பு 990 ஆண்டுகளாதல் வேண்டும் என்பதும், திருமண மதிப்பு ஒழிதல் வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடுகள். நீடிப்புக் கோருதற்கு முன் ஈராண்டு உடையவராயிருத்தல் வேண்டும் என்னும் பழைய நிபந்தனை 2025 சனவரி 31 ஆம் திகதி முதல் நீங்கிற்று. ஆயின், ஒரு சட்டம் நிறைவேறுவது வேறு. அதன் பிரிவுகள் நடைமுறைக்கு வருவது வேறு. இச்சட்டத்தின் பிரிவுகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தவையல்ல. ஆகவே, ‘சட்டம் மாறிவிட்டது, அஞ்சவேண்டியதில்லை’ எனத் தரகர் கூறின், அம்மாற்றம் நடைமுறையில் உள்ளதா எனச் சட்டத்தரணியிடம் எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நிலவாடகையும் ஒரு மிளகும்

விலையை முழுதாகச் செலுத்திய பின்னரும் ஆண்டுதோறும் முழுவுரிமையாளருக்குச் செலுத்தும் தொகையே நிலவாடகை. அதற்குக் கைம்மாறாக அவர் செய்யும் பணி ஒன்றுமில்லை. 2022 யூன் 30 ஆம் திகதிக்குப் பின் வழங்கப்படும் புதிய நெடுங்குத்தகைகளில், சில விலக்குகள் நீங்கலாக, நிலவாடகை ‘ஒரு மிளகு’ மட்டுமே எனச் சட்டம் விதித்துவிட்டது. ஆங்கிலச் சட்டத்தின் பழைய வழக்கில் ஒரு மிளகு என்றால் ஒன்றுமில்லை என்பதே பொருள். ஒரு காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்று பெருவிலை பெற்ற பண்டம் அங்கே ஒன்றுமின்மைக்கு அடையாளமானது ஒரு விந்தையே.

ஆயின் பழைய குத்தகைகளை அச்சட்டம் தீண்டவில்லை. முதன்முதல் வீடு கொள்வோர் வாங்குவது பெரும்பாலும் பிறர் வாழ்ந்த பழைய மனையாதலின், வாடகை ஏறும் முறையைக் கூர்ந்து நோக்குதல் அவசியம். பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என ஒரு வரி இருக்குமாயின், இன்று 250 பவுணாயுள்ள வாடகை பத்தாம் ஆண்டில் 500, இருபதாம் ஆண்டில் 1,000, முப்பதில் 2,000, நாற்பதில் 4,000, ஐம்பதில் 8,000 பவுணாகும். இத்தகைய குத்தகைகள் பற்றிப் பிரித்தானியப் போட்டி, சந்தைகள் அதிகாரசபை 2019 இல் விசாரணை தொடங்கிற்று. அதன் பயனாகக் கட்டட நிறுவனங்கள் சில இரட்டிக்கும் வாசகங்களை நீக்க உடன்பட்டன. எனினும் எல்லாக் குத்தகைகளும் திருந்திவிட்டன என எண்ணலாகாது. மனையின் விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலவாடகையைக் கண்டு கடன் வழங்குவோர் பலர் தயங்குவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பராமரிப்புக் கட்டணம்

நிலவாடகையினும் பெருஞ்சுமை பராமரிப்புக் கட்டணமே. கூரை, மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு, கட்டடக் காப்புறுதி, முகாமை நிறுவனத்தின் ஊதியம் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். ஆண்டுக்காண்டு மாறும் கட்டணமாயின், 1985 ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர், குடியிருப்பாளர் சட்டம் சில காவல்களைத் தருகின்றது. செலவு நியாயமானதாயிருத்தல் வேண்டும். ஒரு குத்தகையாளர் பங்குக்கு 250 பவுணுக்கு மேற்படும் வேலையாயின், முன்கூட்டி அறிவித்துக் கருத்துக் கேட்டல் வேண்டும். கேளாதுவிடின், நியாயசபை விலக்களித்தாலன்றி 250 பவுணுக்கு மேல் அறவிடல் இயலாது. செலவு நேர்ந்து 18 மாதங்களுக்குள் அது பற்றிய கோரிக்கையோ அறிவித்தலோ வரவில்லையாயின், அதனைச் செலுத்தவேண்டியதில்லை. பிணக்கு எழின் முதனிலை நியாயசபையின் ஆதனப் பிரிவை நாடலாம்.

இக்காவல்கள் எல்லாக் கட்டணத்துக்கும் உரியன அல்ல என்பதை உணர்த்தும் வழக்கு ஒன்றுண்டு. வேல்சில் கவர் தீபகற்பத்தில், ஒக்ஸ்விச் என்னும் இடத்துக்கு அருகே, விடுமுறைக் குடில்கள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றின் குத்தகைப் பத்திரத்திற் பராமரிப்புக் கட்டணம் முதலாண்டில் 90 பவுண் எனவும், பின்னர் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுவட்டி முறையில் ஏறும் எனவும் எழுதப்பட்டிருந்தது. பணவீக்கம் மிகுந்திருந்த காலத்தில் அவ்வரி எவர்க்கும் அச்சம் தரவில்லை போலும். ஆயின் அக்கணக்கின்படி 2072 ஆம் ஆண்டிலே ஒரு சிறு குடிலுக்கான ஆண்டுக் கட்டணம் 550,000 பவுணுக்கு மேற்படும். குடியிருப்போர் முறையிட்டனர். 2015 யூன் மாதத்தில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், எழுதப்பட்ட சொற்களுக்கு அவற்றின் இயல்பான பொருளே பொருள். பின்னாளில் ஒருவர்க்குத் தீமையாய் முடிந்தது என்பதற்காக நீதிமன்றம் உடன்படிக்கையைத் திருத்தி எழுதாது எனத் தீர்த்தது. கட்டணம் முன்னரே வரையறுக்கப்பட்டதாதலின், நியாயமான செலவா என வினவும் காவலும் அங்கே உதவவில்லை. குத்தகைப் பத்திரத்தை வரிவரியாக வாசித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே, விலை பேசுவோர் கடந்த மூன்று ஆண்டுக் கணக்குகளைக் கேட்டுப் பெறுக. கட்டணம் மிகக் குறைவாயிருப்பதும் மகிழ்ச்சிக்குரியதன்று. கூரை பல்லாண்டு பாராமுகமாக விடப்பட்டது என்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். பெருவேலைகளுக்கெனச் சேமநிதி உளதா, எவ்வளவு உளது, எதிர்வரும் வேலை பற்றி அறிவித்தல் ஏதேனும் வந்துளதா என்பனவும் அறிதற்குரியன. அறிவித்தல் வந்திருப்பின், விலையில் ஒரு பகுதியைச் சட்டத்தரணியின் கையில் நிறுத்திவைக்குமாறு கோரலாம்.

தீயின் படிப்பினை

2017 யூன் 14 ஆம் திகதி மேற்கு இலண்டனில் கிரென்பெல் கோபுரம் என்னும் இருபத்துநான்கு மாடிக் கட்டடத்தில் மூண்ட தீயில் 72 உயிர்கள் மாண்டன. புறச்சுவரிற் பொருத்தப்பட்ட எரியத்தக்க உறையே தீ விரைந்து பரவுதற்குக் காரணமாயிற்று. அதன் பின்னர் நாடெங்கும் உயர்ந்த கட்டடங்களின் சுவர்கள் ஆராயப்பட்டன. குற்றம் கட்டியவர்களதாயிருக்கவும், திருத்தும் செலவு குத்தகையாளர் தலையில் விழும் நிலை தோன்றிற்று. மனைகள் விற்கவும் ஈடுவைக்கவும் இயலாதனவாய் முடங்கின. 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓரளவு பரிகாரம் கண்டது. 11 மீற்றர் உயரமோ ஐந்து மாடியோ உடைய, அன்றி அதற்கு மேற்பட்ட கட்டடங்களில், தகுதியுடைய குத்தகையாளர் ஆபத்தான சுவருறையை நீக்கும் செலவைச் செலுத்தவேண்டியதில்லை. அத்தகுதி 2022 பெப்ரவரி 14 ஆம் திகதியன்று அம்மனையை யார், எந்நிலையில் உடையவராயிருந்தார் என்பதைப் பொறுத்தது. ஆதலின், இத்தகைய கட்டடத்தில் மனை கொள்வோர் விற்பவரிடமிருந்து அதற்குரிய குத்தகையாளர் சான்றிதழையும், புறச்சுவர் பற்றிய ஆய்வறிக்கையையும் கேளாது கைச்சாத்திடுதல் தகாது.

விலக்குகளும் பறிமுதலும்

குத்தகைப் பத்திரத்தில் வாழ்க்கை முறையைக் கட்டுப்படுத்தும் விதிகள் பலவுண்டு. வளர்ப்புப் பிராணி வைத்தல், கம்பளத்தை நீக்கி மரத்தளம் இடுதல், உட்சுவரை அகற்றுதல், மனையை வாடகைக்கு விடுதல் ஆகியவற்றுக்கு முன்னனுமதி வேண்டப்படலாம். அனுமதிக்குக் கட்டணமும் வேண்டப்படலாம். வாயிற்கதவுக்கு அப்பாலுள்ள நடைவழி பெரும்பாலும் பொதுப்பகுதி. அங்கே நிறைகுடம் வைத்து விளக்கேற்ற விரும்பும் நம்மவர், அது தம் முற்றம் அன்று என்பதையும், தீக்காப்பின் பொருட்டு அவ்வழி வெறிதாயிருத்தல் வேண்டும் என்பதையும் உணர்தல் வேண்டும். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து உடன் வைத்திருக்க எண்ணுவோர், குடியிருப்போர் தொகை பற்றிய விதி ஏதும் உளதோ எனவும் நோக்குக.

விதியை மீறினோரின் குத்தகையைப் பறித்தற்கும் பழைய சட்டம் இடந்தருகின்றது. ஒரு சிறு கடன் காரணமாக முழு மனையையும் இழக்கும் கொடுமையைத் தடுக்க, 2002 ஆம் ஆண்டுச் சட்டம், 350 பவுணுக்கு மேற்படாத தொகை மூன்றாண்டுக்கு மேல் நிலுவையாயிருந்தாலன்றி அதன்பொருட்டுப் பறிமுதல் கோரலாகாது என வகுத்தது. நீதிமன்றமும் பெரும்பாலும் குறையைத் தீர்த்துக்கொள்ள அவகாசம் வழங்கும். எனினும், வரும் கடிதங்களைத் திறவாது ஒதுக்கிவைக்கும் வழக்கம் குத்தகை மனையில் வாழ்வோர்க்கு ஒவ்வாது. பிணக்குடைய கட்டணத்தையும் எழுத்தில் மறுத்து நியாயசபையை நாடுதலே முறை; செலுத்தாது வாளாவிருத்தல் முறையன்று.

கூடி வாழ்வோர் பெறும் வலிமை

தனியொருவர்க்கு இயலாதது அயலார் கூடின் இயலும். 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு கட்டடத்தின் குத்தகையாளர் போதிய தொகையினர் ஒன்றுசேர்ந்து முழுவுரிமையையே விலைக்குக் கொள்ளலாம். 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முழுவுரிமையாளரின் குற்றம் எதனையும் நிறுவாமலே, முகாமைப் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, மனையைப் பார்க்கச் செல்வோர் அறைகளை மட்டும் பாராது, படிக்கட்டில் எதிர்ப்படும் அயலாரோடும் இரண்டொரு வார்த்தை பேசுதல் நன்று. கூரை ஒழுகுகின்றதா, முகாமை நிறுவனம் மறுமொழி தருகின்றதா என்பவற்றைத் தரகரினும் அவர்களே நன்கறிவர்.

அதே 2002 ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டு முறையை ஓரளவு ஒத்த பொதுவுடைமை மனை என்னும் புதிய முறையையும் வகுத்தது. அது 2004 இல் நடைமுறைக்கு வந்தும், பின்வந்த ஆண்டுகளில் இருபது கட்டடத்தொகுதிகள்தாமும் அம்முறையில் எழவில்லை. பழைய முறையால் வருவாய் பெறுவோர் புதிய முறையை விரும்பாமை வியப்பன்று. 2025 மார்ச்சு மாதத்தில் பிரித்தானிய அரசு வெளியிட்ட வெள்ளையறிக்கை, புதிய மாடி மனைகளைக் குத்தகையாக விற்பதை நிறுத்தி, பொதுவுடைமை முறையையே வழக்கமாக்கும் நோக்கத்தை அறிவித்தது. ஆயின், எதிர்காலச் சட்டத்தை நம்பி இன்றைய குத்தகையை வாசியாது விடுதல் அறிவுடைமையாகாது.

தொகுப்புரை

இதுகாறும் கூறியவற்றை ஆறு வினாக்களாகத் தொகுக்கலாம். எஞ்சிய ஆண்டு எத்தனை, அது 80 ஐ எந்த ஆண்டிற் தொடும்? நிலவாடகை எவ்வளவு, எங்ஙனம் ஏறும்? மூன்றாண்டுப் பராமரிப்புக் கணக்கு யாது, வரவிருக்கும் பெருவேலை யாது? கட்டடத்தின் உயரமும் சுவரும் எத்தன்மையன? எவை விலக்கப்பட்டன, எவற்றுக்கு அனுமதி வேண்டும்? முழுவுரிமையாளர் யார், முகாமை செய்வோர் யார்? இவற்றுக்கு விடை பெறுமுன் விலையில் இறுதியுடன்பாடு செய்யற்க. விற்பவரோ தரகரோ பரிந்துரைக்கும் சட்டத்தரணியை விடுத்து, தாமே தேர்ந்த ஒருவரை அமர்த்துக. அவர் தரும் அறிக்கையோடு நில்லாது, குத்தகைப் பத்திரத்தைக் கேட்டுப் பெற்று ஒருமுறையேனும் தாமே வாசிக்க.

அன்னையாரின் வினாவுக்கு வருவோம். மைந்தருக்கு இவ்வாறு வினாக்களையும் எழுதியனுப்பினோம். விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. நகரசபை ஒன்று முன்னொரு நாளில் விற்ற அம்மனையின் குத்தகை 1984 இல் தொடங்கி 125 ஆண்டு நீள்வது. எனவே 2109 இல் முடிவது. 2029 இல் எல்லைக் கல்லைத் தொடுவது. கூரையைப் புதுப்பிப்பது பற்றிய அறிவித்தலொன்றும் விற்பவர் கையில் இருந்தது. கேட்கும்வரை எவரும் அதனைக் கூறவில்லை. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டவே விலையில் ஒரு பகுதி குறைந்தது. கூரைச் செலவுக்கென மேலும் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. தம் பெயர் பதிவானவுடனேயே நீடிப்புக் கோருவதென மைந்தர் தீர்மானித்துள்ளார்.

அம்மையாரிடம் யாம் கூறிய விடை இதுவே: “அம்மா, அது வாடகை வீடுமன்று, நம் காணி போன்ற உரித்துமன்று. நாளெண்ணி அளந்து தந்த உரித்து. நாளைக் கூட்டிக்கொள்ள வழியுண்டு. அவ்வழியை அறிந்தவனுக்கு அது வீடே.” அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், நீடிப்புக்கு வேண்டிய தொகையையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டார்களா என வினவினார். எம்மினும் தெளிவாக அவர் பொருளை விளங்கிக்கொண்டார் என அப்போதே அறிந்தோம். அடுத்த வாரம் நொத்தாரிசின் முன்னிலையிலே தோட்டக் காணியின் உறுதியில் அவர் கைச்சாத்திட்டார். தலைமுறை தலைமுறையாக வந்த மண்ணைக் கைவிடுவோர், அதற்கு ஈடாகப் பெறுவது யாதென அறிந்து விடுதல் வேண்டும். அவ்வறிவை அளிப்பதில் இக்கட்டுரை சிறிதேனும் துணைபுரியுமாயின், எம் முயற்சி பயன்பெற்றதாகும்.